பி0171: கார் என்ன சொல்கிறது?

சென்ற ஆண்டு சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என் காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டறையில் கையடக்கக் கருவி ஒன்றைச் செருகி, காரின் கணினி பதிவுசெய்திருந்த பிழைக் குறியீட்டைப் பார்த்தார்கள். "பி0171 வருது, ஆக்ஸிஜன் சென்சாரை மாத்திடலாம் அண்ணே" என்றார்கள். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் அந்தச் சென்சாரை மாற்றினேன். இரண்டு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. அப்புறம்தான் மடிக்கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் ஒன்றை நானே வாங்கினேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், ஸ்கேனரைச் செருகும் இடம் அதுதான். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயம். காருக்குள் இருக்கும் பல கணினிகள் 'கேன்' எனப்படும் இரண்டு கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. 6ஆம், 14ஆம் முனைகளில் அந்தக் கம்பிகள் வந்து சேரும். ஸ்கேனர் கேள்வி கேட்கும், எஞ்சின் கணினி எண்களில் பதில் சொல்லும். எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் கேட்டால் 12, 128 என்று இரண்டு எண்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நான்கால் வகுத்தால் 800. நிமிடத்துக்கு 800 சுற்று, அதாவது கார் நின்றிருக்க எஞ்சின் மட்டும் ஓடும் வேகம்.

சரி, பி0171 என்றால் என்ன? காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. குறையை ஈடுகட்ட எஞ்சின் கணினி கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். எத்தனை சதவீதம் கூடுதல் என்பதுதான் 'ஃபியூயல் டிரிம்'. என் காரில் நின்ற நிலையில் அது 20, ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் 4. காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். நின்ற நிலையில் எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம், அதனால் கசிவின் பங்கு பெரிது. வேகம் ஏறினால் மொத்தக் காற்றும் ஏறும், கசிவு அதில் கரைந்துவிடும். டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் தளர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, பாரம் ஏற ஏற எண்ணும் ஏறும்.

ஆகவே ஸ்கேனர் வாங்கும்போது இப்படி ஓடும் எண்களை வரைபடமாகக் காட்டுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆயிரக்கணக்கான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் என்ற விளம்பரம் எனக்கு இரண்டாம்பட்சம். இன்னொன்று, சட்டம் கட்டாயமாக்கியது புகை சம்பந்தப்பட்ட தகவல்களை மட்டுமே. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அந்தந்த நிறுவனத்தின் மொழியில் பேசுகின்றன. உங்கள் காரின் மாடலும் ஆண்டும் ஸ்கேனர் மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான பழைய மாடல்கள் சில பொதுவான கேள்விகளுக்கே பதில் தராது. சிங்கப்பூரில் அப்படி இறக்குமதியான கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

குறியீட்டை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். விளக்கு எரிந்த நொடியின் வேகம், வெப்பம் எல்லாம் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

என் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் டார்ச் அடித்துத் தேடினேன். காற்றுக் குழாயின் ரப்பர் வளைவில் நகக்கண் அளவு வெடிப்பு. மாட்டியிருந்த சென்சார், பழையதும் சரி புதியதும் சரி, உண்மையைத்தான் சொல்லியிருந்தது.