கட்டிவைத்த குரங்குக்கும் சட்டம் உண்டு: முறைப்பாடு செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பின் படுவான்கரையில் ஆகட்டும், அம்பாறையின் திருக்கோவில், பொத்துவில் பக்கம் ஆகட்டும், கடைக்குப் பின்னாலோ தோட்டத்து மூலையிலோ இடுப்பில் கயிறோடு ஒரு குரங்குக் குட்டி இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். மனம் கேட்காமல் யாராவது முறையிடப் போனால் பொலிஸில் "வனஜீவராசிக்குப் போங்க" என்பார்கள். அங்கே போனால் "குரங்குதானே, பயிரை அழிக்கிற சாமான், பொலிஸுக்குப் போங்க" என்பார்கள். இப்படி அலைந்து களைத்து வீட்டுக்குத் திரும்பியவர்களைக் கண்டு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒன்று. தேவாங்கு போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் இதன்படி குற்றம். மற்றது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். நமக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இந்தப் பழைய சட்டம்தான். வீட்டு விலங்கு மட்டுமல்ல, பிடித்து அடைத்து வைத்த எந்த விலங்கும் இதற்குள் வரும். அது பயிரை அழிக்கும் இனமா, அருகிவரும் இனமா என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே "குரங்குக்குச் சட்டமில்லை" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு எழுதுங்கள்" என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். இந்த வழிக்குப் பொலிஸ்தான் வாசல். பல பொலிஸ் நிலையங்களில் சுற்றாடல் பிரிவு இருக்கிறது, அதைக் கேட்டுப் போங்கள். தேவாங்கு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கட்டாயம் அறிவியுங்கள்; அவசர அழைப்பு இலக்கம் 1992.

தண்டனையைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1907இல் எழுதிய அபராதத்தின் உச்சம் நூறு ரூபாய், சிறை மூன்று மாதம் வரை. இதை மாற்றச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே புதிய விலங்கு நலச் சட்டமூலமொன்றை வரைந்து கொடுத்தது. அது மேசைக்கு மேசை போய்வந்ததுதான் மிச்சம். எனவே உங்கள் குறி அபராதமாக இருக்கக் கூடாது. விலங்கை அந்த இடத்திலிருந்து மீட்டு மிருக வைத்தியரிடம் சேர்ப்பதுதான் குறி. அந்த வேண்டுகோளை முறைப்பாட்டிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒருவர் வந்து வைத்திருப்பவரைக் கண்டித்துவிட்டுப் போவார், குரங்கு அதே கயிற்றில் கிடக்கும்.

பெரும்பாலான முறைப்பாடுகள் படுத்துவிடுவது எழுதிய விதத்தால்தான். "குரங்கு பாவம், கஷ்டப்படுகிறது" என்று எழுதினால் வைத்திருப்பவர் "நான் மூன்று வேளையும் சோறு போடுறன்" என்பார், அதோடு கோப்பு மூடப்படும். கண்ணால் கண்டதை எழுதுங்கள். குட்டியில் கட்டிய கயிறு இடுப்பிலேயே கிடக்க, குரங்கு வளர்ந்துவிடும். அப்போது கயிறு தோலுக்குள் இறங்கி, அதைச் சுற்றிச் சதை மூடி, சீழ் கசியும், ஈ மொய்க்கும். இதைத் தூரத்திலிருந்தே காணலாம். நிழல் இருக்கிறதா, தண்ணீர்ப் பாத்திரம் கயிற்றுக்கு எட்டுகிறதா, நாய்கள் நெருங்குகின்றனவா, ஏறி உட்கார உயரமான இடம் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள். குரங்கு கூட்டமாக வாழும் விலங்கு. காட்டில் அதன் பகல் பெரும்பாலும் இரை தேடுவதிலும் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதிலும் போகும். தனியாகக் கட்டினால் அது ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆடும், தன் கையைத் தானே கடிக்கும், மயிரைப் பிடுங்கும். நம் ஆட்கள் இதை "குரங்குச் சேட்டை" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். அது சேட்டை அல்ல, மனம் உடைந்த விலங்கின் அடையாளம். எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் அப்படிச் செய்தது என்று குறித்து வையுங்கள். முடிந்தால் தெருவில் நின்றே படமெடுங்கள், வளவுக்குள் இறங்காதீர்கள்.

எடுத்த படத்தை முகநூலில் போடும் ஆசையையும் அடக்குங்கள். பதிவு ஊருக்குள் பரவினால் இரவோடு இரவாகக் குரங்கு வேறு வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் வருபவர்கள் வெறும் கயிற்றைப் பார்த்து "முறைப்பாடு பொய்" என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

பொலிஸில் வாய்முறையாகச் சொல்லிவிட்டு வந்தால் அது முறைப்பாடு அல்ல. புத்தகத்தில் பதியச் சொல்லி, பக்கமும் இலக்கமும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். அம்பாறை நகரப் பக்கம் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பது உண்டு. வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைக்காதீர்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி, அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. "சிங்களத்தில் எழுதிக் கொண்டு வாங்க" என்று கடிதத்தைத் திருப்பித் தருவது அவர்கள் பிழை, அதைச் சுமக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. கடிதம் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, அப்புறமும் அசைவே இல்லை என்றால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு இரண்டே வரி போதும்: இந்த இலக்க முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், எந்தத் திகதியில்? காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு. பல இடங்களில் இந்தக் கடிதம் போன பிறகுதான் ஜீப்புக்கு டீசல் கிடைக்கிறது.

இரக்கப்பட்டு மாட்டிக்கொள்கிறவர்களையும் சொல்ல வேண்டும். தாயில்லாத தேவாங்குக் குட்டியைத் தூக்கி வந்து வீட்டில் வளர்த்தால், சட்டத்தின் முன் வைத்திருப்பவர் நீங்கள்தான். "கிராம சேவகருக்குத் தெரியும்" என்பது அனுமதி ஆகாது. அன்றைக்கே அறிவித்து, அழைத்த நேரத்தையும் பேசியவரின் பதவியையும் எழுதி வையுங்கள். காசு கொடுத்து மீட்கவும் வேண்டாம். குட்டியை உயிரோடு பிடிக்கப் பெரும்பாலும் தாயைக் கொல்கிறார்கள், நீங்கள் கொடுக்கும் காசு அடுத்த தாய்க்கு வைக்கும் விலை. கயிற்றை நீங்களே அறுக்கப் போவதும் ஆபத்து. கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதில்லை. மீட்ட குரங்கைக் காட்டோரம் விட்டுவிட்டு வருவதும் கூடாது. அங்கே இருக்கும் கூட்டம் அதை ஏற்காது, கடித்துக் குதறும்.

மரவள்ளியும் தென்னங்குரும்பையும் இழந்த கமக்காரரின் கோபம் எனக்குத் தெரியும், அது நியாயமானது. நட்டஈடும் பாதுகாப்பும் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் கூட்டில் அகப்பட்ட குரங்கை வெயிலில் காயவிட்டால் அவர் இழந்த ஒரு தேங்காய்கூடத் திரும்பி வராது, வழக்கு மட்டும் வரும்.

அதிகாரி வரும்வரை வைத்திருப்பவர் கொஞ்சமாவது கேட்கக்கூடியவர் என்றால், அவரிடம் இவ்வளவைச் செய்விக்கப் பாருங்கள்: கிடுகுக் கூரை ஒன்று, ஏறி உட்கார ஒரு கிளை, நாள்தோறும் புதுத் தழை, எட்டும் இடத்தில் தண்ணீர், நாய் வராத மறைப்பு. சோற்றை ஒரே தட்டில் கொட்டாமல் தழைக்குள்ளும் தேங்காய் மட்டைக்குள்ளும் மறைத்து வைக்கச் சொல்லுங்கள், தேடித் தின்னும். இதைச் செய்துவிட்டதால் முறைப்பாட்டை மீளப்பெறச் சொல்லி வருவார்கள். மீளப்பெறாதீர்கள்.