பிக் ஹோல் பள்ளத்தாக்கு: புல்லும் மீனும் பங்குபோடும் பனிநீர்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் பிக் ஹோல் என்றொரு ஆறு இருக்கிறது. சுமார் 250 கிலோமீட்டர் ஓடி, ட்வின் பிரிட்ஜஸ் ஊருக்குப் பக்கத்தில் பீவர்ஹெட் ஆற்றோடு சேர்ந்து ஜெஃபர்சன் ஆறாகிறது. மேல் பள்ளத்தாக்கில் உள்ள விஸ்டம் என்ற சிற்றூர் 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. நடுக்கோடையிலும் சில இரவுகளில் உறைபனி விழும். தானியம் எதையும் நம்பி விதைக்க முடியாது. நன்றாக விளைவது புல் ஒன்றுதான் என்பதால் அங்கே மாட்டுப் பண்ணைகளே அதிகம். ஜூன் பிறந்தால் அந்தப் பண்ணைகளில் சிலவற்றின் மரவீடுகளுக்கு வெளியூர்க்காரர்கள் தங்க வருவார்கள். மாடு பார்க்க அல்ல, ஃப்ளை ஃபிஷிங்குக்கு, அதாவது பூச்சி போலக் கட்டிய தூண்டிலால் ட்ரவுட் மீன் பிடிக்க.

மாட்டுக்கான புல்லுக்கும் மீனுக்கும் வேண்டியது ஒரே தண்ணீர். பண்ணைக்காரர் ஆற்றை வயலுக்குத் திருப்புவதால்தான் மீன் சாகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. மறுபாதி மண்ணுக்கடியில் இருக்கிறது, அதைப் பலரும் பார்ப்பதில்லை.

பிக் ஹோலில் நீரைத் தேக்கி வைக்கப் பெரிய அணை எதுவும் இல்லை. அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை மலையில் விழுந்து கிடக்கும் பனிதான் அணை. அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளக்க, அமெரிக்காவின் மேற்கு மலைகளில் ஸ்நோடெல் என்ற தானியங்கி நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. உறையாத திரவம் நிரப்பிய மெத்தை போன்ற ஒரு பையைத் தரையில் விரித்திருப்பார்கள். மேலே விழும் பனியின் எடை அதை அழுத்தும். அந்த அழுத்தத்தை நீரின் உயரமாக மாற்றி நிலையம் செய்தி அனுப்பும். பனியின் உயரத்தைக் கோலால் அளந்தால் போதாதா? போதாது. புதுப் பனி பஞ்சாக இருக்கும், பழைய பனி இறுகியிருக்கும். ஒரே உயரத்தில் இரண்டு மூன்று மடங்கு நீர் வித்தியாசம் வரலாம். எடை பொய் சொல்லாது.

மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் அந்தப் பனி மொத்தமாக உருகி, ஆறு கலங்கிக் கரைபுரள்கிறது. ஆகஸ்டில் கூழாங்கல் தெரிய ஒடுங்கிவிடுகிறது. ஆண்டுத் தண்ணீரின் பெரும்பங்கு சில வாரங்களில் வந்து போய்விடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பண்ணையின் மற்ற வேலைகள் ஏன் அப்படி அமைந்தன என்பது புரியும்.

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஜூனில் காளையைச் சேர்த்தால் மார்ச் கடைசி, ஏப்ரலில் கன்று விழும். வெளியே இன்னும் பனி கிடக்கும்போதே கன்றா என்று தோன்றும். ஆனால் மே, ஜூனில் புல் தளிர்க்கும்போது தாய்க்குப் பால் பெருக வேண்டும், கன்றும் மேயப் பழகியிருக்க வேண்டும். அக்டோபரில் விற்கப் போகிற கன்றுக்கு எடை ஏற இருக்கும் கோடை ஒன்றே ஒன்று.

குளிரைத் தாய்ப்பசு தாங்குவதும் புல்லால்தான். பெருவயிற்றில் நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அடர்ந்த, காய்ந்த குளிர்கால ரோமம் உள்ள மாடு, சுழியத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமல் சமாளிக்கும். ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதல் சக்தி தேவைப்படும். பண்ணைக்காரர்கள் உறைந்த பனியைவிட ஈரப் பனிக்கு அதிகம் பயப்படுவது இதனால்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. கனடாவின் மானிட்டோபாவில் கொனேஃபல் என்ற பண்ணையாளர் கவனித்துச் சொன்னது: மாலையில் தாமதமாகத் தீனி போட்டால் அதிகமான கன்றுகள் பகலில் பிறக்கின்றன. இரவெல்லாம் விளக்கோடு தொழுவத்தைச் சுற்றுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

குளிர்காலம் நெடுக ஒரு பசுவுக்கு ஏறக்குறைய இரண்டு டன் உலர்ந்த புல் வேண்டும். ஆண்டுக்கு ஒரே அறுப்புதான், ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும். அறுத்ததை மலைபோல் போர் போடுவதற்கு, பீவர்ஸ்லைடு என்ற சாய்வான மரச்சட்டம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே பள்ளத்தாக்கில் பிறந்தது. 'பத்தாயிரம் புல் போர்களின் பள்ளத்தாக்கு' என்பது இதன் பட்டப்பெயர்.

அந்தப் புல்லுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதுதான் விஷயம். மே, ஜூன் வெள்ளத்தில் வாய்க்கால் மதகைத் திறந்து புல்வெளி முழுக்கப் பரவவிடுகிறார்கள். பார்க்க வீணடிப்பு மாதிரி இருக்கும். புல் குடிப்பது அதில் ஒரு பங்குதான். மீதி பெரும்பகுதி கீழே கூழாங்கல்லும் மணலும் நிறைந்த படுகையில் இறங்கி நிலத்தடி நீரை உயர்த்துகிறது. பிறகு மெதுவாக, வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நகர்ந்து, கசிவு நீராக ஆற்றுக்கே திரும்புகிறது. ஜூனில் கடலுக்குப் போயிருக்க வேண்டிய வெள்ளம், ஆகஸ்டில் ஆறு வற்றும் நேரத்தில் கரையோரம் ஊறுகிறது. வெயில் படாமல் மண்ணுக்குள் வந்ததால் குளிர்ச்சியாகவும் இருக்கிறது.

சரி, 'சிக்கனம்' என்று தெளிப்புநீர்ப் பாசனத்துக்கு மாறினால்? ஆற்றிலிருந்து எடுப்பது குறையும், உண்மைதான். ஆனால் தெளிப்பான் கொடுக்கும் நீரில் பெரும்பகுதியைப் புல்லே குடித்துவிடும். விளைச்சல் கூடினால் இன்னும் அதிகம் குடிக்கும். திரும்பி வர மிச்சம் இருக்காது. பக்கத்து ஐடஹோவில், ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் இது பெரிய அளவில் நடந்தது. வாய்க்கால் பாசனம் பரவப் பரவ, பள்ளத்தாக்குச் சுவரிலிருந்து கொட்டும் ஊற்றுகளின் நீர் 1950கள் வரை கூடிக்கொண்டே போனது. பிறகு தெளிப்பான்களும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளும் வர, ஊற்றுகள் இறங்கத் தொடங்கின. சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டுவதற்கு முன், மிச்சம்பிடித்த நீர் எங்கே போகிறது என்று கேட்பது நல்லது.

இதனால் பண்ணைக்காரர் செய்வதெல்லாம் மீனுக்கு நல்லது என்று ஆகிவிடாது. ஜூலைக்குப் பிறகும் மதகு திறந்தே கிடந்தால் கணக்கு தலைகீழாகும். அப்போது ஆற்றில் இருப்பதே கொஞ்சம். எடுத்த நீர் திரும்பி வருவதற்குள் நடுவில் உள்ள சில கிலோமீட்டர் காய்ந்துபோகும். இங்கே நீர் உரிமை 'முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை' என்ற விதிப்படி நடப்பதால், பழைய உரிமை உள்ளவரை நிறுத்தச் சொல்லவும் முடியாது. மேல் பிக் ஹோலில் ஆர்க்டிக் கிரேலிங் என்ற மீன் இருக்கிறது. அலாஸ்காவை விட்டுவிட்டால், ஏரிக்குப் போகாமல் ஆற்றிலேயே வாழும் கிரேலிங்குக்கு அமெரிக்காவில் இதுதான் கடைசிப் புகலிடம் என்கிறார்கள். அதைக் காக்க 2006இல் ஓர் ஒப்பந்தத் திட்டம் வந்தது. பண்ணைக்காரர் தானாக முன்வந்து நீரை ஆற்றில் விடவேண்டும், கரையில் மாடு இறங்காமல் வேலி போடவேண்டும். பதிலுக்கு, நாளை அந்த மீன் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டாலும் அவர்மேல் புதிய கட்டுப்பாடு வராது. மிரட்டலைவிட இது வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

குளிர்ச்சி ஏன் இவ்வளவு முக்கியம்? ட்ரவுட்டின் உடம்பு வெப்பநிலை தண்ணீரின் வெப்பநிலைதான். தண்ணீர் சூடேறினால் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். அதே நேரத்தில் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் தாங்கும், 20 டிகிரியில் 9தான். மலை உயரத்தில் இன்னும் குறைவு. தேவை ஏற, வரவு இறங்க, 20 டிகிரியைத் தாண்டினாலே மீன் திணறும். அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டிப் போராடிய மீனைப் பத்திரமாகத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அதனால் நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரியைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடலாம் என்பது மொன்டானா விதி. காலையில் மட்டும் பிடிக்கலாம்.

இந்த ஆற்றில் விருந்தாளிகள் தேடிவரும் மீன்கள் பெரும்பாலும் வந்தேறிகள். பிரவுன் ட்ரவுட் 1880களில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. ரெயின்போ, பசிபிக் கடலோர ஆறுகளின் மீன். ஆங்கிலேயர் நீலகிரியின் அவலாஞ்சியில் வளர்த்ததும் இதே ரெயின்போதான். ஆனால் காட்டு ட்ரவுட் உள்ள ஆறுகளில் வளர்ப்பு மீன்குஞ்சு விடுவதை மொன்டானா 1974இல் நிறுத்திவிட்டது. மீன்பண்ணைக் குஞ்சுகளை விட்டால் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் குறைகின்றன என்று மேடிசன் ஆற்றில் நடந்த ஆய்வு காட்டியதுதான் காரணம்.

விருந்தாளிகளுக்குத் திருவிழா ஜூனில். சால்மன்ஃப்ளை என்ற கல்பூச்சி, ஆற்றடியில் கற்களுக்கிடையே மூன்று நான்கு ஆண்டு புழுவாகக் கிடந்து, நீர் 12, 13 டிகிரியைத் தொடும்போது கரையேறித் தோலுரிக்கும். ஐந்து சென்டிமீட்டர் நீளம், செம்மஞ்சள் வயிறு. கீழ்ப்பகுதி நீர் முதலில் சூடாவதால் இந்தப் பூச்சி எழுச்சி நாளுக்கு நாள் ஆற்றின் மேற்பகுதிக்கு நகரும். வழிகாட்டிகளும் பின்னாலேயே போவார்கள்.

இந்தப் பூச்சியைப் போலி செய்து எறிவதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, இழுத்துக்கொண்டு போகும். இங்கே இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்கு எடையே இல்லை. எடை நரம்பில் இருக்கிறது. நரம்புகளை எடைப்படி எண்ணிட்டிருப்பார்கள்; வழக்கமான ஐந்தாம் எண் நரம்பின் முதல் 9 மீட்டர் சுமார் 9 கிராம். கழியை வேகமாக முன்னே கொண்டுவந்து சட்டென்று நிறுத்தினால் நரம்பு ஒரு வளையமாகப் பிரியும். வளையத்தின் கீழ்ப்பாகம் கழியோடு நின்றுவிட, மேல்பாகம் மட்டும் ஓடும். பிரியப் பிரிய ஓடும் பாகம் சுருங்குகிறது. அந்த ஆற்றல் குறைந்துகொண்டே வரும் எடையில் தேங்குவதால், காற்று தடுத்தாலும் வேகம் சட்டென்று விழுவதில்லை. கடைசியில் மெல்லிய தங்கூஸ் நிமிர்ந்து பூச்சி அலுங்காமல் நீரில் இறங்கும்.

மீன் அதை எப்படிப் பார்க்கிறது? ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலுலகம் முழுவதும் மீனுக்கு 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிய வட்டமாகத் தெரியும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் விட்டம் 68 சென்டிமீட்டர். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஆற்றடியைக் காட்டும் கண்ணாடி. மிதந்து வரும் பூச்சியின் கால்கள் அமுக்கிய குழிகள் முதலில் அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும், பூச்சி பிறகுதான் முழுதாகத் தெரியும். கரையில் நிற்கும் ஆள் வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரிவார். குனிந்தால் ஏறக்குறைய மறைந்தே போவார்.

அக்டோபரில் கன்றுகள் லாரியேறும். பிரவுன் ட்ரவுட் முட்டையிடுவதும் இலையுதிர் காலத்தில்தான். பெண் மீன் வாலால் கூழாங்கல்லைப் பறித்துக் குழி செய்து முட்டையிட்டு மூடும். பாசி படிந்த பழைய கற்கள் புரண்டு அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். குளிர்ந்த நீரில் முட்டை மெதுவாக வளர்வதால் குஞ்சு வெளிவர வசந்தம் நெருங்கிவிடும். அதுவரை ஒரு மிதி விழுந்தாலும் முட்டைகள் நசுங்கும். இலையுதிர் காலத்தில் ஆற்றில் இறங்கும் விருந்தாளியிடம் வழிகாட்டி முதலில் அந்த வெளிறிய திட்டுகளைக் காட்டி, சுற்றிப் போகச் சொல்வார்.