ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டிய விமானம்

ஏற்காட்டில் லேடிஸ் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் நாலைந்து பையன்கள் நீள லென்ஸ் மாட்டிய கேமராவோடு நிற்பதைப் பார்க்கலாம். எல்லாரும் சேலத்துக்காரர்கள். காமலாபுரத்தில் இறங்கும் சின்ன விமானத்தில் தொடங்கி முப்பதாயிரம் அடி உயரத்தில் கோடு போட்டுக்கொண்டு போவது வரை எதையும் விடுவதில்லை. 2025 பிப்ரவரியில் எலகங்காவில் நடந்த ஏரோ இந்தியாவுக்குப் போய், ரஷ்யாவின் சுகோய்-57, அமெரிக்காவின் எஃப்-35 இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்தப் பேச்சு இன்னும் அவர்களிடம் ஓயவில்லை.

போன வாரம் அவர்கள் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சீன விமானத்தின் படம். 2024 டிசம்பர் 26 அன்று செங்டு நகரத்துக்கு மேலே பட்டப்பகலில் பறந்ததை ஊர்க்காரர்கள் கீழே இருந்து எடுத்தது. வால் கிடையாது, மூன்று இன்ஜின், ஏதோ பெரிய திருக்கை மீன் போல ஒரு உருவம். பெயர் எதுவும் அறிவிக்கப்படாததால், உடம்பில் எழுதியிருந்த எண்ணை வைத்து ஜே-36 என்று எல்லாரும் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “போட்டோல இத்தன பளிச்சுனு தெரியுது. ரேடாருக்கு மட்டும் எப்படிங்கண்ணா தெரியாமப் போவுது?”

நல்ல கேள்வி. அங்கே கல் பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரேடார் என்ன செய்கிறது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ரேடியோ அலையை அனுப்புகிறது, எதன்மீதாவது பட்டுத் திரும்பி வந்தால் வந்த திசையையும் நேரத்தையும் வைத்து இடத்தைக் கணக்குப் போடுகிறது. போர் விமானங்களின் மூக்கில் இருக்கும் ரேடாரின் அலைநீளம் மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நம் கண் பயன்படுத்தும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒளிக்கு விமானத்தின் பெயின்ட் ஒரு சொரசொரப்பான சுவர். பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, அதனால்தான் எங்கே நின்றாலும் விமானம் தெரிகிறது. மூன்று சென்டிமீட்டர் அலைக்கு அதே உடம்பு புதிதாகத் துலக்கிய எவர்சில்வர் தட்டு. பட்ட அலை ஒரு குறிப்பிட்ட பக்கமாகத்தான் போகும்.

லேடிஸ் சீட்டிலிருந்து பார்த்தால் இதன் முழு அர்த்தமும் கண்ணுக்குத் தெரியும். மேற்கே வெயில் சாயும்போது கீழே சமவெளியில் ஏதோ ஒரு தகரக் கூரை கண்ணைக் குருடாக்குவது போல மின்னும். பத்து அடி நகர்ந்து நின்றால் அந்த மின்னல் போய், வேறொரு கூரை மின்னும். கூரைகள் எல்லாம் ஒளியைத் திருப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. உங்கள் பக்கம் திருப்புகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டெல்த் விமானம் என்பது தன் மின்னலை ரேடார் இல்லாத பக்கமாகத் திருப்பி வைத்திருக்கும் கூரை.

அப்படியானால் ரேடாருக்கு மிகவும் பிடித்த வடிவம் எது? மலையிலிருந்து இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இரவில் அதைப் பார்க்கலாம். வளைவில் பதித்திருக்கும் ரிஃப்ளெக்டர் நீங்கள் எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் உங்கள் ஹெட்லைட்டை உங்களிடமே திருப்பி அனுப்புகிறது. அதில் ஒரு வகைக்குள்ளே ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று குட்டிக் கண்ணாடிகள், வீட்டு அறையின் மூலை போலக் கூடியிருக்கும். மூலைக்குள் நுழைந்த கதிர் மூன்று சுவரிலும் மோதி, வந்த வழியே திரும்பிவிடும். முப்பது சென்டிமீட்டர் சதுரத் தகரம் மூன்றை எடுத்து மூலை போல ஒட்டிவைத்தால், மூன்று சென்டிமீட்டர் ரேடாருக்கு அது சுமார் 340 சதுர மீட்டர் பரப்புள்ள பொருளாகத் தெரியும். ரேடார் கணக்கில் ஒரு சாதாரணப் போர் விமானமே அதில் மிகச் சிறிய பங்குதான். இந்தக் கணக்கைச் சொன்னபோது பையன்கள் நம்பவில்லை. சூத்திரத்தை மண்ணில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

பழைய விமானங்களில் இப்படிப்பட்ட மூலைகள் நிறைய. செங்குத்தாக நிற்கும் வாலும் படுத்திருக்கும் சிறகும் சேரும் இடம் ஒரு மூலை. இறக்கைக்கும் கீழே தொங்கும் குண்டுக்கும் நடுவே ஒரு மூலை. அதனால்தான் எஃப்-22, எஃப்-35 இரண்டிலும் வால்கள் சாய்ந்து நிற்கின்றன, ஏவுகணைகள் வயிற்றுக்குள் போய்விட்டன. இன்ஜினின் சுழலும் தகடுகள் வெளியே தெரியாதபடி காற்றுக்குழாயை வளைத்துவிடுகிறார்கள். மிச்சத்துக்கு அலையை உறிஞ்சி வெப்பமாக்கும் பூச்சு. அந்தப் பூச்சைத்தான் ஊரே பேசும், ஆனால் வேலையின் பெரும்பகுதி வடிவத்துடையது.

எவ்வளவு குறைத்தால் போதும்? அலை போகும்போதும் விரிகிறது, திரும்பும்போதும் விரிகிறது. அதனால் எதிரொலியின் பலம் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. இது ரேடாருக்குச் சாதகம்: விமானம் தன் எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காக்கினாலும் ரேடார் பார்க்கும் தூரம் பாதிதான் குறையும். பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினால்தான் தூரம் பத்தில் ஒன்றாகும். சேலத்திலிருந்து பெங்களூர் நேர்க்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். பெங்களூருக்கு மேலே வரும்போதே சேலத்து ரேடாரில் விழும் விமானம் ஒன்று, பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆனபிறகு, ஏறக்குறைய ஏற்காட்டுக்கு மேலே வந்தபிறகுதான் விழும். மறைந்துபோவது என்று நாம் சொல்வது இந்தத் தாமதத்தைத்தான்.

இனி, எனக்குத் தூக்கம் கெடும் அளவுக்குப் பிடித்த விஷயம்: விளிம்புகள்.

தட்டையான பரப்பைச் சாய்த்து அலையைத் திருப்பிவிட்டோம். பரப்பு முடியும் இடத்தில் என்ன ஆகும்? அலை விளிம்பில் மோதும்போது, விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு சின்ன அலை மூலமாகி மறுபடி வீசுகிறது. சாய்வாவது ஒன்றாவது, விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும் போலத் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எப்படிப் பேசுகின்றன என்று பாருங்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தெரு நீளத்துக்கு ஐம்பது பேர் ஒரே வரிசையில் தப்பு வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாரும் ஒரே நொடியில் ஓங்கி அடிக்கிறார்கள். வரிசைக்கு நேர் எதிரே, தள்ளி நின்றால் ‘டம்’ என்று ஒரே அடியாக நெஞ்சில் விழும். வரிசையின் கடைசியில் போய் நின்றால்? பக்கத்தில் இருப்பவரின் அடி முதலிலும் மறுமுனையில் இருப்பவரின் அடி கடைசியிலும் வந்து ‘டடடடட’ என்று இழுபடும். அடித்த பலம் ஒன்றுதான். ஒரு பக்கம் கூடிவந்தது, இன்னொரு பக்கம் சிதறிப்போனது.

விமானத்தின் விளிம்பும் அந்த வரிசைதான். ரேடார் அலை செங்குத்தாக வந்தால் எல்லாப் புள்ளியையும் ஒரே நேரத்தில் தொடும், பதில்களும் ஒன்றாகத் திரும்பும், முகடு முகட்டோடு சேரும். சாய்வாக வந்தால் ஒரு முனையை முதலில் தொடும், மறுமுனையைத் தாமதித்துத் தொடும். பதில் திரும்பும்போது அதே தாமதம் இரட்டிப்பாகும். முகடும் அகடும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஆறு மீட்டர் நீள விளிம்புக்கும் மூன்று சென்டிமீட்டர் அலைக்கும் கணக்குப் போட்டால், ரேடாருக்குத் திரும்பும் அந்தப் பளிச்சின் அகலம் ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குதான். விமானம் அந்த நூலளவு திரும்பினாலே பளிச்சு போய்விடும்.

இப்போது வடிவமைப்பாளரின் இடத்தில் உட்காருங்கள். விளிம்பே இல்லாமல் விமானம் செய்ய முடியாது. இறக்கையின் முன்பக்கம், பின்பக்கம், வால், காற்று நுழையும் வாய், சக்கரக் கதவு, குண்டறைக் கதவு, எல்லாம் விளிம்பு. இருபது விளிம்பு இருபது திசையில் இருந்தால் இருபது பளிச்சு, ஏதாவது ஒரு ரேடாரில் ஒன்று கட்டாயம் விழும். எல்லா விளிம்பையும் இரண்டே திசைகளுக்கு இணையாக வைத்துவிட்டால்? இருபது பளிச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து நாலே பளிச்சாகிவிடும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மற்றத் திசைகளில் அமைதி. அந்த நாலும் எங்கே பார்க்கின்றன என்று விமானிக்குத் தெரியும், ரேடார்கள் அந்தக் கோட்டில் வராதபடி வழியைத் திட்டமிடலாம். கதவுகளின் ஓரத்தை ரம்பப்பல் போல வெட்டியிருப்பதும் இதற்காகவே. ஒவ்வொரு பல்லும் இறக்கையின் விளிம்புக்கு இணை.

“ஸ்கேல் இருக்கா?” என்று கேட்டேன். கேமரா பையிலிருந்து ஒரு பையன் ஆறு அங்குல ஸ்கேல் எடுத்துக் கொடுத்தார். மேலிருந்து எடுத்த, அமெரிக்காவின் பி-2 ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானத்தின் படத்தைத் திரையில் வைத்து இடது இறக்கையின் முன்விளிம்பில் ஸ்கேலைப் பொருத்தி, அப்படியே கீழே நகர்த்தினோம். பின்பக்கத்து ரம்பத்தில் ஒன்று விட்டு ஒரு விளிம்பு ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டது. பையன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். 1988 நவம்பரில் அந்த விமானத்தை முதன்முதலாகக் காட்டியபோது பார்வையாளர்களை முன்பக்கத்தில் மட்டுமே நிற்க வைத்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் சின்ன விமானத்தில் மேலே பறந்து அந்தப் பின்விளிம்பைப் படம் எடுத்துவிட்டார். ஏன் மறைத்தார்கள் என்பது ஸ்கேல் வைத்தவர்களுக்குப் புரியும்.

இந்த விளிம்புக் கணக்கை ஒழுங்காகப் போட வழி சொன்னவர் பியோத்தர் உஃபிம்த்சேவ் என்ற சோவியத் இயற்பியலாளர். 1962இல் மாஸ்கோவில் அவர் புத்தகம் வெளிவந்தது. ராணுவப் பயன் எதுவும் இல்லை என்று கருதி அதை ரகசியமாக்கக்கூட இல்லை. 1971இல் அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அந்த மொழிபெயர்ப்பைப் படித்து, கம்ப்யூட்டர் நிரல் எழுதினார். அன்றைய கம்ப்யூட்டருக்கு வளைவுகளைக் கணக்கிடும் திராணி இல்லை, அதனால்தான் லாக்ஹீட் செய்த ஸ்டெல்த் விமானமான எஃப்-117 பட்டை தீட்டிய கல் போலத் தட்டைத் தட்டையாக இருக்கிறது. அதன் சோதனை வடிவம் பறந்தது 1977 டிசம்பரில்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வரும். இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் அளவில்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. நம் சொந்த ஸ்டெல்த் விமானமான ஆம்காவுக்கு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், மகிழ்ச்சி. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு மையம், அதுவும் மகிழ்ச்சி. ஆனால் என்னிடம் படித்த பெண் ஒருவர் மின்காந்த அலைச் சிதறலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, உதவித்தொகை எட்டு மாதம் வராமல், வீட்டுக் கடனுக்காகப் பாதியிலேயே விட்டுவிட்டு மென்பொருள் வேலைக்குப் போனார். விமானத்துக்குக் கொடுப்பதில் நூறில் ஒரு பங்கையாவது, இன்று பயன் தெரியாத சமன்பாட்டோடு மல்லுக்கட்டுபவர்களுக்குத் தவறாமல் மாதாமாதம் கொடுக்க வேண்டும். உஃபிம்த்சேவுக்கே தெரியாது அது எங்கே போய் நிற்கும் என்று.

ரிஷிகளிடம் கண்ணுக்குத் தெரியாத விமானம் இருந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் பையன்கள் காட்டினார்கள். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரத்தை 1974இலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து, அது 1904க்கு முற்பட்டதல்ல, அதில் உள்ளவை பறக்கக்கூடியவையும் அல்ல என்று எழுதிவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வைக் கொடுங்கள். கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது எப்படி என்று அதில் கற்றுக்கொள்ளலாம்.

வால் இல்லாத ஜே-36க்கு வருவோம். 1999 மார்ச் 27 இரவு செர்பியாவில் ஒரு எஃப்-117 சுட்டு வீழ்த்தப்பட்டது. அங்கே தேடுவதற்குப் பயன்பட்டது மீட்டர் கணக்கில் அலைநீளம் உள்ள பழைய சோவியத் ரேடார். விமானத்தின் வாலும் அலையும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் சாய்வெல்லாம் பெரிதாக உதவாது. தாம்பாளத்தைச் சாய்ப்பது போல அலையைத் திருப்ப முடியாது, வால் முழுவதும் அதிர்ந்து எல்லாப் பக்கமும் வீசும். அந்த நீள அலையால் துல்லியமாகக் குறிவைக்க முடியாது என்றாலும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும். அந்த ரேடாரிடமிருந்தும் தப்ப நேரடியான வழி வாலையே எடுத்துவிடுவது.

“வாலில்லாம எப்படிங்கண்ணா இடது வலது திரும்பும்?” என்றார் அதே தம்பி.

படத்தைப் பெரிதாக்கினோம். இறக்கை நுனியில் பின்விளிம்பு மேலும் கீழுமாகப் பிளந்து, மைனாவின் அலகு போலத் திறந்திருந்தது. ஒரு பக்கத்தை அதிகம் திறந்தால் அந்தப் பக்கம் காற்று இழுக்கும், மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். பி-2 செய்வதும் இதுதான். ஆனால் அலகு திறந்தால் அவ்வளவு பாடுபட்டு இணையாக்கிய விளிம்பு இணை தப்பி, புதிதாக ஒரு மூலையும் உண்டாகிவிடும். அதனால் பி-2 எதிரியை நெருங்கும்போது அலகை மூடிவிடுகிறது. அப்போது இடது வலது இன்ஜின்களின் உந்துவிசையை ஏற்றி இறக்கி நேராகப் போகலாம்.

தம்பி ஸ்கேலைத் திரும்ப வாங்கி, திறந்திருந்த அந்த அலகின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டிவிட்டது, போனின் வெளிச்சம் மட்டும்தான்.