சீனக் குழந்தைகளின் டிஸ்லெக்சியா: தடுமாறுவது எந்த நினைவாற்றல்?

சிங்கப்பூரில் கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் பணியில், சீனப் பெற்றோரிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் கவலை இது: நேற்று பலமுறை எழுதிப் பழகிய எழுத்தை, இன்று 'திங்ஷியே' எனப்படும் சொல்வதெழுதுதலில் பிள்ளையால் எழுத முடியவில்லை, ஞாபகசக்தியே இல்லையோ? நினைவாற்றல் என்பது ஒரே திறன் அல்ல என்பதால், இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடையளிக்க இயலாது.

வாசிக்கவும் எழுதவும் கற்பதில் ஏற்படும் குறைபாடான டிஸ்லெக்சியா, சீன எழுத்துமுறையில் மிக அரிது என்று முன்பு நம்பப்பட்டது. ஜப்பான், தைவான், அமெரிக்கப் பிள்ளைகளை ஒப்பிட்டு 1982இல் வெளியான ஆய்வு அந்நம்பிக்கையைக் கலைத்தது. ஹாங்காங்கில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளைகளில் 9.7 சதவீதத்தினருக்கு இக்குறைபாடு இருப்பதாகக் கணித்தது.

சீனாவில் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 எழுத்துகளை அடையாளம் காணக் கற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வடிவம், ஒலி, பொருள் ஆகிய மூன்றும் பிணைய வேண்டும். பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பகுதி ஒலியையும் மற்றொரு பகுதி பொருளையும் குறிப்பால் உணர்த்தும். 'ச்சிங்' என்னும் ஒலிப்பகுதியுடன் நீரைக் குறிக்கும் பகுதி சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வெயில் தெளிந்த வானிலை, இதயம் சேர்ந்தால் உணர்வு. இந்த ஒழுங்கைப் பிற பிள்ளைகள் பெரும்பாலும் தாமாகவே கண்டுகொள்கிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையோ ஒவ்வோர் எழுத்தையும் தொடர்பற்ற கோடுகளின் தொகுதியாகவே மனனம் செய்ய முயல்வதால், சுமை பன்மடங்காகிறது. புதிய வடிவத்தோடு புதிய ஒலியை இணைத்து நினைவில் இருத்துவதிலும் இவர்களில் பலர் தாமதப்படுகிறார்கள். ஆய்வாளர் கோனி ஹோ குழுவினரின் ஹாங்காங் ஆய்வுகளில், எழுத்தமைப்பு அறிவிலும், பழகிய பெயர்களை நினைவிலிருந்து விரைந்து எடுத்துச் சொல்வதிலுமே குறைபாடு மிகுதியாகத் தென்பட்டது.

மதிப்பீட்டாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. சீன மொழியில் எண்களின் பெயர்கள் மிகக் குறுகியவை என்பதால், குறுகியகால நினைவை அளக்க, கேட்ட எண்வரிசையை அப்படியே திருப்பிச் சொல்லும் சோதனையில் சீனம் பேசும் பிள்ளைகள் பொதுவாக ஆங்கிலம் பேசுவோரைவிட நீண்ட வரிசையைச் சொல்வார்கள். ஆங்கில அளவுகோலை அப்படியே பொருத்தினால், உண்மையில் பின்தங்கிய பிள்ளையும் இயல்பானவராகத் தெரியக்கூடும். சீனம் பேசும் பிள்ளைகளுக்கெனத் தரப்படுத்திய சோதனைகளையே பயன்படுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கையால் எழுதுவது சீன வாசிப்புக்குத் துணைபுரியும். அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் பார்த்து எழுதும் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பிணைப்பு உறுதிப்படாது. ஒரே ஒலிப்பகுதி கொண்ட எழுத்துகளைச் சேர்த்துக் கற்பித்து, எழுத்தின் பகுதிகளுடைய பெயரை வாய்விட்டுச் சொல்லச் செய்து, பின்னர் மாதிரியை மறைத்துவிட்டு எழுதச் சொல்லலாம். இரண்டு நாள் கழித்து அதே எழுத்துகளுக்குத் திரும்பி வரலாம்.