ஈ.எஸ்.ஐ. சட்டம் ரத்து: அட்டை செல்லும், ஆனால் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒன்பது பழைய சட்டங்களின் இடத்தில் ஒரே சட்டம். அந்த ஒன்பதில் ஒன்று, 1948-ம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. சட்டம். "அப்போ ஈ.எஸ்.ஐ.யை எடுத்துட்டாங்களா? கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்கு இனிமே போக முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு நேரடியான பதில்: போகலாம். அட்டை செல்லும், இன்சூரன்ஸ் நம்பர் அதேதான், அயனாவரம் ஆஸ்பத்திரியும் உங்கள் பகுதி ஈ.எஸ்.ஐ. மருந்தகமும் முன்பு போலவே இயங்குகின்றன. ஈ.எஸ்.ஐ. கழகம் புதிய சட்டத்தின் நான்காவது அத்தியாயத்துக்குள் வந்துவிட்டது.

மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. 'சம்பளம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் அர்த்தம் மாறிவிட்டது. பிடித்தம், நோய்க்கால உதவித்தொகை, ஒருவர் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவாரா மாட்டாரா என்பது, எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குபவை.

பழைய சட்டத்தில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்துத்தான் ஈ.எஸ்.ஐ. கணக்கு. ஓவர்டைம் பணத்துக்கும் பிடித்தம் உண்டு. புதிய சட்டம் வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், கமிஷன், போனஸ் ஆகியவற்றை வெளியே தள்ளுகிறது. கூடவே ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது: இப்படித் தள்ளப்படும் தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியைச் சம்பளத்தோடு சேர்த்துவிட வேண்டும். அடிப்படையை 6,000 என்று காட்டிவிட்டு மிச்சத்தைப் படிகளாகக் கொடுக்கும் பழைய வித்தை இனி பாதிதான் பலிக்கும்.

கிண்டியில் ஒரு கம்பெனி, மாதம் 18,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, வீட்டு வாடகைப்படி 6,000. பழைய கணக்கில் 18,000-க்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். புதிய கணக்கில் வாடகைப்படி 6,000-மும் வெளியே போய்விடும்; அது பாதியான 9,000-ஐத் தாண்டவில்லை. ஆக 12,000-க்குத்தான் பிடித்தம்: உங்களுக்கு 90 ரூபாய், முதலாளிக்கு 390. கைக்கு வரும் சம்பளம் 45 ரூபாய் கூடுகிறது, முதலாளிக்கு 195 ரூபாய் மிச்சம். இருவருக்கும் லாபம் மாதிரித்தான் தெரியும்.

இதே ஆள் மஞ்சள்காமாலையில் படுத்தால் கணக்கு திரும்பும். நோய்க்கால உதவித்தொகை சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். பழைய கணக்கில் நாள் சம்பளம் 600, உதவித்தொகை 420. புதிய கணக்கில் நாள் சம்பளம் 400, உதவித்தொகை 280. 91 நாளும் எடுக்க நேர்ந்தால் 38,220 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 25,480 வரும். குறைவு 12,740. மாதம் 45 ரூபாய் மிச்சம் பிடித்து இந்தத் தொகையைச் சேர்க்க இருபத்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். பிரசவ காலத்து 26 வார முழுச் சம்பளமும், வேலையில் அடிபட்டால் கிடைக்கும் 90 சதவீதமும் இதே நாள் சம்பளத்திலிருந்துதான் கணக்கிடப்படும். ஓவர்டைமை நம்பி ஓடும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆட்களுக்கு இந்த இடி இன்னும் பலம்.

இது உடனே கண்ணில் படாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. 2025 டிசம்பரில் பிடித்தம் குறைந்தால் அதன் விளைவு 2026 ஜூலைக்குப் பிறகு படுப்பவருக்குத்தான் தெரியும். அப்போது அலுவலகக் கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை, அவர்கள் ஏட்டில் உள்ளதைத்தான் கொடுப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஈ.எஸ்.ஐ. சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. பத்து வருஷம் ஆகப்போகிறது, விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இந்த வரம்பு அப்படியே நிற்கிறது. மாதம் 28,000 வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள்: அடிப்படை 15,000, வாடகைப்படி 8,000, போக்குவரத்துப்படி 5,000. பழைய சட்டத்திலும் போக்குவரத்துப்படி கணக்கில் வராது; ஆகவே 23,000 என்று கணக்காகி வெளியே நின்றார். புதிய சட்டத்தின் சொற்படி இவர் சம்பளம் 15,000, ஆகவே உள்ளே வருகிறார். 113 ரூபாய் பிடித்தம், அதற்குக் குடும்பம் முழுவதற்கும் உச்சவரம்பில்லாத வைத்தியம். சம்பளம் கூடியதால் ஈ.எஸ்.ஐ. போய்விட்டது என்று இருப்பவர்கள் தங்கள் சீட்டை மறுபடி ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று போட்டிருப்பதை மட்டும் வெளியே தள்ளிவிடாதீர்கள். விலக்குப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

70 சதவீதம், 21,000, 0.75 என்றெல்லாம் சொன்னோமே, இவை எதுவும் சட்டத்தில் எழுதப்பட்டவை அல்ல. 1950-ம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் இருப்பவை. சட்டம் ரத்தானாலும், புதியதற்கு முரண்படாத பழைய விதிகள் ஓராண்டுக்குத் தொடரும் என்று புதிய சட்டத்தின் 164-வது பிரிவு சொல்கிறது. விதி என்பது அரசிதழ் அறிவிப்பில் மாறக்கூடியது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வேண்டாம். 2019 ஜூலையில் தொழிலாளி பங்கு 1.75-லிருந்து 0.75 ஆகவும், முதலாளி பங்கு 4.75-லிருந்து 3.25 ஆகவும் குறைந்தது அப்படித்தான். ஆகவே கவனிக்க வேண்டியது புதிய விதிகளில் வரும் எண்களை.

ஒருவேளை ஈ.எஸ்.ஐ.யே இல்லாமல் போனால் சென்னையில் யார் நடுத்தெருவில் நிற்பார்கள்? மாதம் பத்தாயிரத்துக்கும் இருபத்தோராயிரத்துக்கும் நடுவில் இருப்பவர்கள். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 15,000 வாங்கினாலே வருஷத்துக்கு 1,80,000. அந்தக் கதவு மூடிவிடும். தனியார் பாலிசிக்குப் போனால், ஏற்கெனவே சர்க்கரையோ இதய நோயோ இருப்பவருக்கு அதற்கான வைத்தியம் மூன்று வருஷம் வரை கிடைக்காமல் போகலாம். கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசி, வேலையோடு போய்விடும். ஈ.எஸ்.ஐ.யில் பழைய நோய் என்று யாரையும் ஒதுக்குவதில்லை, டயாலிசிஸுக்கு இத்தனை ரூபாய்தான் என்று கணக்கும் இல்லை. படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கையும் கையில் கொடுப்பது இது ஒன்றுதான். மருந்தகத்தில் வரிசை நீளம், மருந்து இருப்பு இல்லை என்ற திட்டெல்லாம் நியாயம்தான். ஆனாலும் 135 ரூபாய்க்கு இதற்கு ஈடான பாலிசி சந்தையில் கிடையாது.

புதிய சட்டத்தில் சேர்ந்த நல்ல அம்சங்கள் சில: அறிவிக்கப்பட்ட மாவட்டம் என்ற வரம்பு போய் நாடு முழுவதும் பொருந்துகிறது. பத்துப் பேருக்குக் குறைவான கடையும், முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் சம்மதித்தால் சேரலாம். ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஆள் இருந்தாலும் பொருந்தும். வேலைக்குப் போகும் பெண், தன்னை அண்டியிருக்கும் மாமனார் மாமியாரைக் குடும்பத்தில் சேர்க்கலாம், வருமான வரம்புக்கு உட்பட்டு. சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிமார் தாமாக ஈ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடவில்லை, அவர்களுக்கென்று தனித் திட்டம் போட சட்டம் வழி மட்டும் திறந்திருக்கிறது.

இனி கையில் செய்ய வேண்டியது. 2025 அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டையும் டிசம்பர் மாதச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, ஈ.எஸ்.ஐ. வரியை ஒப்பிடுங்கள். தொகை குறைந்திருந்தால், எந்தப் படியைக் கழித்தார்கள் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அடிப்படையைக் கூட்டி வாடகைப்படியைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் அப்படிச் செய்தால் பி.எஃப். பிடித்தமும் கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பரைக் கொண்டு உள்ளே போய், பங்களிப்பு விவரத்தைத் திறப்பது. மாதாமாதம் தொகையும் எத்தனை நாள் என்பதும் இருக்கும். தொகையை எல்லோரும் பார்ப்பார்கள், நாள் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டார்கள். தகராறு வருவதே அங்கேதான். ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை. கான்ட்ராக்டர் 26 நாள் வேலையை 12 நாள் என்று ஏற்றினால் ஆறு மாதத்தில் 72. ஆறு நாளில் உரிமை போச்சு. பிரசவ உதவிக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கு) சேர்த்து 70 நாள் வேண்டும். சென்ற மாதப் பணம் இந்த மாதம் 15-ம் தேதிக்குள் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் கான்ட்ராக்டரோடு நிறுத்தாமல் கம்பெனியையும் கேளுங்கள். முதல் பொறுப்பு பிரதான முதலாளிக்கு, அதாவது கம்பெனிக்குத்தான்.

ஆதாரில் ஒரு பெயர், ஈ.எஸ்.ஐ.யில் ஒரு பெயர் என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னாலா பின்னாலா என்ற நம்மூர் வழக்கமான குழப்பம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போக ரெஃபரல் சீட்டு வாங்கப் போகும் அன்று பெரிதாகும். குழந்தை பிறந்தும் பெயர் சேர்க்காமல் விடுவது, மனைவிக்கு ஊர் மருந்தகத்தைப் பதிவு செய்துவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிடுவது ஆகிய இரண்டும் அடிக்கடி நடப்பவை.

வேலையிடத்தில் அடிபட்டால் முதலாளி 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தும் சேர்த்தி, வேலையோடு தொடர்பு இருந்தால். "உன் பெயரையே இன்னும் பதியலை" என்று கம்பெனி கையை விரித்தாலும் உங்கள் உரிமை போகாது: கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று புதிய சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. அதற்கு, அன்று நீங்கள் அங்கே வேலை செய்ததைக் காட்ட வேண்டும். கேட் பாஸ், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய வரி, ஷிப்ட் அட்டவணையை எடுத்த செல்போன் படம், எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டிலுள்ள மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இவற்றின் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.