ஓ.டி.பி.யைச் சொல்லாமலே பணம் போகும்

"சார், நான் ஓ.டி.பி.யை யாருக்குமே சொல்லலை."

பணத்தைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வது உண்மை. வங்கியும் போலீஸும் பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு பாடம் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. ஓ.டி.பி. கேட்டால் யாரும் சுலபமாகக் கொடுப்பதில்லை என்பது திருடர்களுக்கும் தெரியும். அதனால் கேட்பதை விட்டுவிட்டு, நம் போனிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரத்தில் ஓய்வூதியக்காரர்கள் அதிகம். சேமிப்பெல்லாம் எஃப்.டி. என்கிற நிரந்தர வைப்பில் இருக்கும்; பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். அப்படி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்று அவரே சொன்னார்.

வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணில் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும். கட்டிய ரசீது கையில் இருந்ததால் தைரியமாகவே கூப்பிட்டிருக்கிறார். எதிர்முனையில் நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "கட்டியிருக்கீங்கம்மா, எங்க சிஸ்டத்துல அப்டேட் ஆகலை. ஒரு ஃபைல் அனுப்பறேன், அதுல பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, சரியாயிடும்." வந்த ஃபைலைத் தொட்டதும் ஒரு ஆப் இறங்கியிருக்கிறது. அது கேட்ட ஒவ்வொன்றுக்கும் 'அலவ்' கொடுத்திருக்கிறார். மின் இணைப்பு எண், வங்கியின் பெயர், நெட் பேங்கிங் யூசர் ஐ.டி., பாஸ்வேர்ட் எல்லாம் ஒரு படிவத்தில் கேட்டிருக்கிறது. அதையும் நிரப்பியிருக்கிறார். கடைசியில் 'சர்வர் பிஸி' என்று வந்ததும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பாஸ்புக் போட வந்தபோதுதான் எஃப்.டி. உடைக்கப்பட்டுப் பணம் வெளியே போயிருந்தது தெரிந்தது. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மெசேஜ் பெட்டியில் எங்கள் வங்கியின் எஸ்.எம்.எஸ். ஒன்றுகூட இல்லை. செட்டிங்ஸில் ஆப் பட்டியலுக்குப் போனால், முகப்புத் திரையில் தெரியாத ஒரு ஆப், 'கஸ்டமர் சப்போர்ட்' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது. எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி அதற்கு இருந்தது. எஸ்.எம்.எஸ்.ஸைக் கையாளும் முதன்மை ஆப்பாகவும் அதுவே இருந்தது. வங்கி அனுப்பிய ஓ.டி.பி., பணம் போனதற்கான எச்சரிக்கை எல்லாமே அவர் போனுக்குத்தான் வந்திருக்கின்றன. ஆனால் படித்தது வேறு யாரோ.

இதே தந்திரம் போக்குவரத்து அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை, வங்கியின் கே.ஒய்.சி. என்று பல வேஷங்களில் வருகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம், ஃபைலின் பெயர் 'டாட் ஏ.பி.கே.' என்று முடியும். ரசீதோ பத்திரிகையோ படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும். ஏ.பி.கே. என்றால் அது ஆப். வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும், சொந்தத் தம்பியே அனுப்பினாலும், அதைத் தொடாதீர்கள். தம்பியின் போன் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கலாம். ஒரு போனில் நுழைந்ததும் அதிலுள்ள தொடர்புகளுக்கெல்லாம் அதே ஃபைலை அனுப்புவது இவர்கள் வழக்கம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அனுமதி இல்லாதபடி வைத்துவிடுங்கள்.

அந்த ஆசிரியை அசட்டையானவர் இல்லை. கணக்கு வழக்கில் எங்களையே திருத்துகிறவர். ஆனாலும் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கரண்ட் போய்விடும் என்ற பதற்றத்தில் யாருக்கும் ஒரு நிமிடம் தடுமாறத்தான் செய்யும். அதனால்தான் 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என்றைக்காவது ஒரு நாள் நாம் ஏமாறுவோம் என்று வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போவது சிறு தொகையாக இருக்கும்படி கணக்கை இப்போதே அமைத்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் வாசற்கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் நகைக்கென்று உள்ளறையில் தனியாக ஒரு பெட்டி இருக்குமே, அந்த மாதிரி.

முதலில், காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்யும் கணக்கும் வாழ்நாள் சேமிப்பு இருக்கும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டாம். மாதச் செலவுக்கு மட்டும் ஒரு கணக்கு, யு.பி.ஐ. அதில் மட்டும். இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: ஒரே வங்கியில் இரண்டு கணக்கு திறந்தால் போதாது. ஒரே யூசர் ஐ.டி.யில் நுழைந்தால் உங்கள் பெயரிலுள்ள எல்லாக் கணக்கும் எஃப்.டி.யும் வரிசையாகத் தெரியும். செலவுக் கணக்கை வேறு வங்கியில் வையுங்கள். முடியாவிட்டால், சேமிப்புக் கணக்கின் நெட் பேங்கிங்கைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றித்தரக் கேளுங்கள். பல வங்கிகளில் இந்த வசதி உண்டு. இருப்பைப் பார்க்கலாம், பணம் அனுப்ப முடியாது. பென்ஷன்காரர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது எஃப்.டி. சேமிப்புக் கணக்கில் சில ஆயிரம்தான் இருக்கிறது, போனால் போகட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெட் பேங்கிங் கையில் கிடைத்தால் திருடர்கள் எஃப்.டி.யைத்தான் தேடுவார்கள். முதிர்வுக்கு முன்பே ஆன்லைனில் உடைக்கலாம். சில வங்கிகளில் அதன்மேல் கடனும் நிமிடத்தில் எடுக்கலாம். கிளைக்கு நேரில் வந்தால்தான் எஃப்.டி.யை முடிக்க முடியும் என்று வைக்க முடியுமா என உங்கள் வங்கியில் விசாரியுங்கள். எல்லா வங்கியிலும் இருக்காது, ஆனால் கேட்டால்தான் தெரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பையும் குறைத்துவிடுங்கள். மருத்துவமனைச் செலவு வந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

கார்டுக்கு, ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது என ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி வைக்கும் வசதி ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் குறைவு. பயன்படுத்தாததை நிறுத்தி வையுங்கள். கைரேகை வைத்துப் பணம் எடுப்பது வழக்கமில்லை என்றால் ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். பணம் போனதற்கான தகவல் எஸ்.எம்.எஸ்.ஸோடு இமெயிலுக்கும் வரும்படி வையுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸை மறைக்கிற ஆப் இமெயிலையும் மறைப்பது அவ்வளவு எளிதல்ல.

பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ போன் பறிபோனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். திரைக்குப் பூட்டு இருக்கிறது என்ற தைரியம் போதாது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அங்கே வரும். செட்டிங்ஸில் சிம் லாக் என்று இருக்கும். அதில் ஒரு பின் எண் வைத்துவிட்டால் சிம்மை வேறு போனில் போட்டதும் அது பின்னைக் கேட்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். அதனால் முதலில் சிம் நிறுவனம் கொடுத்த பின் எண் எது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் சிம்மைக் கழற்றிக்கொண்டு, பேங்க் ஆப்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கடையில் பத்துப் பேர் கை வைப்பார்கள்.

சரி, பாஸ்வேர்ட். இதில் பழைய அறிவுரை ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. 2003-ல் அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக இப்படி எழுதிக் கொடுத்தவர் பில் பர். அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-ல் அவரே சொன்னார். நிஸ்ட்டும் அதே ஆண்டு வழிகாட்டுதலை மாற்றியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் செய்வது 'முருகன்@1' என்பதை 'முருகன்@2' ஆக்குவதுதான். நீளமே பலம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: கொடுக்காப்புளி, பரண், ஆட்டோ, எவர்சில்வர் என்கிற மாதிரி. திருக்குறள் வரி, சாமி பெயர், பேரன் பிறந்த தேதி வேண்டாம். உங்களை அறிந்தவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது அவைதான்.

அதைவிட முக்கியம், வங்கியின் பாஸ்வேர்ட் வேறெங்கும் இருக்கக் கூடாது. 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்டவற்றில் சுமார் 11.7 கோடிக் கணக்குகளின் விவரம் 2016-ல் விற்பனைக்கு வந்தது. இப்படி ஒரு இடத்தில் கசிந்த இமெயிலையும் பாஸ்வேர்டையும் மற்ற தளங்களிலெல்லாம் கணினியே வரிசையாகப் போட்டுப் பார்க்கும். எங்கோ துணி வாங்கிய தளத்தில் கசிந்த பாஸ்வேர்டால் வங்கிக் கணக்கு திறக்கும் என்றால் அது நாம் விட்ட வழி. ஜிமெயிலுக்கும் தனி பாஸ்வேர்டும் இரண்டடுக்குப் பாதுகாப்பும் அவசியம். ஆதார், பான், காசோலைப் படங்கள், குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் பலருக்கு அந்த ஒரு கணக்கில்தான் இருக்கின்றன.

நினைவில் நிற்காதே என்றால், ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். எழுதவே கூடாது என்பார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் பீரோவை வெளியூரிலிருக்கும் திருடனால் திறக்க முடியாது. ஆனால் ஏ.டி.எம். பின்னைப் பாஸ்புக் உறையில் எழுதாதீர்கள். ஒரு போன் நம்பரின் கடைசி நாலு எண்ணாகக் கான்டாக்ட்டில் ஒளித்தும் வைக்காதீர்கள். இரண்டையும் அடிக்கடி பார்க்கிறேன்.

வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் அங்கே நிறைய உண்டு. கார்டின் பின்புறம் இருப்பதைப் பாருங்கள். வங்கித் தளங்களின் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. அப்படி முடியாத முகவரியில் பாஸ்வேர்ட் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால் வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் போனில் அந்த ஆப் இருந்தால் நெட்டை அணைத்துவிடுங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள், விசாரணைக்கு வேண்டும். வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால் இந்த அழைப்பு. போன பணம் ஒரே கணக்கில் நிற்பதில்லை. அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி, எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் ரொக்கமாகிவிடும். அதற்கு முன் 1930 வழியாகத் தகவல் போனால், பணம் நிற்கும் கணக்கில் அந்தத் தொகையை முடக்க முடியும். எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். அப்புறம் உங்கள் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டு, நெட் பேங்கிங், யு.பி.ஐ. மூன்றையும் நிறுத்துங்கள். 1930-ல் சொல்லிவிட்டோமே என்று வங்கியை விட்டுவிடாதீர்கள். இரண்டும் தனித்தனிப் புகார்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ அம்மாவோ போன் செய்து "இப்படி ஆயிடுச்சு" என்றால், அந்த நிமிடம் திட்டாதீர்கள். மகன் கோபிப்பானே என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் நாள் கணக்கில் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அந்த நாட்களில்தான் கரைந்துபோகிறது. "சரிம்மா, முதல்ல 1930" என்று மட்டும் சொல்லுங்கள்.

நாள் கணக்குக்குச் சட்டப்படியும் மதிப்பு உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பே கிடையாது என்று இருந்தது. நாலு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பாக இருந்தது. பாஸ்வேர்டை நீங்களே கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை போனது உங்கள் நஷ்டம் என்றது. புகார் செய்த பிறகு போவது வங்கியின் நஷ்டம் என்றது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமையை அந்தச் சுற்றறிக்கை வங்கியிடமே வைத்தது. கவுன்டரில் "உங்க தப்புதான்" என்று யாராவது வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். நான் வங்கிக்காரன்தான், இருந்தும் சொல்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

கிளைக்கு வரும்போது 1930 புகார் எண், பாஸ்புக், நடந்ததை நடந்தபடி எழுதிய கடிதம் இரண்டு பிரதி கொண்டுவாருங்கள். ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் நேரமும் போட்டு வாங்காமல் வெளியே போகாதீர்கள். பின்னால் யாரிடம் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.