சத்தமே இல்லாத சிஎன்ஜி காரா? வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய சிஎன்ஜி காரைச் சோதித்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் பெருமையாகச் சொல்வது ஒன்றுதான்: "எஞ்சின் சத்தமே இல்ல சார்." எனக்குச் சந்தேகம் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

பெட்ரோல் உள்ளே போகும்போது வால்வையும் (எஞ்சினுக்குள் திறந்து மூடும் கதவு) அது உட்காரும் சீட்டையும் கொஞ்சம் நனைத்துக் குளிர வைத்துவிட்டுப் போகும். கேஸ் வறண்டது, அந்த உதவியெல்லாம் செய்யாது. நாள்பட நாள்பட சீட் தேய்ந்து வால்வ் உள்வாங்கும். வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டுக்கும் நடுவே விட்டிருக்கும் மெல்லிய இடைவெளி, அதாவது டேப்பட் கேப், குறைந்துகொண்டே வரும். கேப் குறைந்தால் டேப்பட் சத்தமும் குறையும், கேட்பவருக்கு எஞ்சின் ஆரோக்கியமாக இருப்பதுபோலத் தோன்றும். கடைசியில் வால்வ் முழுசாக மூடாமல், எரிந்த சூடான புகை அந்த இடுக்கில் கசிந்து வால்வையே எரித்துவிடும்.

அண்மையில் ஒரு குடும்பம் பார்த்துவைத்த காரில், 0.20 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டிய இடத்தில் 0.05கூட நுழையவில்லை. கம்ப்ரெஷன், அதாவது எஞ்சின் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தால் மூன்று சிலிண்டரில் 12 பார், ஒன்றில் மட்டும் 7. ஓடிய கிலோமீட்டர் குறைவு, பெயின்ட் பளபளப்பு, சீட் கவர் புதுசு. வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாத வண்டி அது. தொழிற்சாலையிலேயே கேஸுக்கென்று கடினமான வால்வ் சீட் போட்டு வரும் கார்களில் இந்தத் தொல்லை குறைவு. பெட்ரோல் காராக வாங்கி வெளியில் கேஸ் கிட் மாட்டியவற்றில்தான் அதிகம் பார்க்கிறேன். ஹைட்ராலிக் டேப்பட் (எண்ணெய் அழுத்தத்தால் கேப்பைத் தானே சரிசெய்துகொள்வது) உள்ள எஞ்சினில் கேப் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கம்ப்ரெஷன்தான் வழி.

இந்த வண்டிகளில் ஒரு வசதி உண்டு. ஒரே எஞ்சினை இரண்டு எரிபொருளில் ஓட்டிப் பார்க்கலாம், செலவே இல்லாத சோதனை. இரண்டிலும் திணறினால் வால்வ், கம்ப்ரெஷன் பக்கம் பாருங்கள். கேஸில் மட்டும் திணறினால் முதலில் பார்க்க வேண்டியது தீப்பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்ட்டேஜ் வேண்டும், அதனால் பெட்ரோலில் சமாளிக்கும் தேய்ந்த பிளக் கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். பலர் இது தெரியாமல் கேஸ் இன்ஜெக்டரை மாற்றிவிட்டு வருவார்கள்! பிளக், காயிலுக்கு அப்புறம்தான் கேஸ் ஃபில்டர், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர். பங்கில் கேஸ் நிரப்பும் கம்ப்ரெசரிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு கேஸோடு வந்து ஃபில்டரை அடைக்கும், இன்ஜெக்டரை ஒட்டவைக்கும்.

பெட்ரோலில் மட்டும் திணறினால், முந்தைய உரிமையாளர் டேங்கை வற்றலாகவே வைத்திருந்தார் என்று அர்த்தம் கொள்ளலாம். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான், அது இல்லாவிட்டால் பம்ப் சூடாகிக் கெடும்.

சரி, எஞ்சின் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேஸ் சிலிண்டர் தேறாவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள், இதில் பேரம் வேண்டாம். 200 பார் அழுத்தம் தாங்க வேண்டிய பொருள் அது. 2016இல் ஜெர்மனியில் கேஸ் நிரப்பும்போதே ஒரு குடும்பக் காரின் சிலிண்டர் வெடித்து, ஓட்டியவர் படுகாயம் அடைந்தார். துருப்பிடித்த சிலிண்டர். பொதுவாக வாகன சிலிண்டர்களை அதிகபட்சம் 20 ஆண்டு ஆயுளுக்குத்தான் வடிவமைக்கிறார்கள். தயாரித்த தேதியும் கடைசியாகச் சோதித்த தேதியும் அதிலோ அதன் தகட்டிலோ இருக்கும். டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து நீங்களே படியுங்கள். அடியில் மாட்டிய சிலிண்டராக இருந்தால் வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். இரும்புப் பட்டை சுற்றியிருக்கும் இடத்தில் ரப்பருக்கு அடியில் தண்ணீர் தேங்கும், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். மேலே புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பின்பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. அது சின்ன விஷயம், மாற்றிக்கொள்ளலாம்.

பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறும்போது குலுங்குகிறதா என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். நான் போனதும் முதல் வேலையாக பானட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால், நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.